கலை வரலாற்றில் முதுமாணி: "அதைப் படிச்சு என்ன வேலை எடுக்கலாம்?"

சாமத்திய வீடோ, அரங்கேற்றமோ, கோயில் தேரோ, நாங்கள் கூடுகிற இடத்தில் ஒரு கேள்வி தவறாமல் வரும். "மகள் இப்ப என்ன படிக்கிறா?" மருத்துவம் என்றால் கேட்டவரின் முகம் மலரும். கணக்கியல், சட்டம், கணினி என்றால் தலை ஆடும். "கலை வரலாற்றில் முதுமாணி செய்யப் போறா" என்று சொன்னால் ஒரு கணம் அமைதி. பிறகு மெல்லிய குரலில் இரண்டாவது கேள்வி: "அதைப் படிச்சு என்ன வேலை எடுக்கலாம்?"

அந்தக் கேள்வியில் பிழை இல்லை. வெறுங்கையோடு வந்து, இரண்டு வேலை செய்து, பிள்ளைகளை ரியூசனுக்கும் தமிழ்ப் பாடசாலைக்கும் ஏற்றி இறக்கியவர்கள் நாங்கள். பிள்ளையின் படிப்பு எங்களுக்கு வெறும் படிப்பு அல்ல. அது காணியும் வீடும் போன இடத்தில் நாங்கள் வைத்திருக்கும் ஒரே முதல். ஆகவே கேள்வியை ஒதுக்காமல், அந்தப் படிப்பு என்ன, எவ்வளவு செலவு, எங்கே கொண்டுபோய் விடும், எங்களைப் போன்ற சமூகத்துக்கு அதில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

படம் கீறும் படிப்பு அல்ல

முதலில் ஒரு தெளிவு. கலை வரலாறு படிக்க ஓவியம் கீறத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஓவியம், சிற்பம் செய்யப் பழக்குவது நுண்கலைத் துறை. மண்ணுக்குள் இருப்பதைத் தோண்டி எடுத்து ஆராய்வது தொல்லியல். மனிதர் செய்த ஓவியம், சிலை, கட்டடம், புகைப்படம், துணி, சுவரொட்டி ஆகியவற்றை ஆவணமாக வைத்துக் கேள்வி கேட்பதுதான் கலை வரலாறு. யார் செய்தது, யார் பணம் கொடுத்தது, எதற்காகச் செய்தது, யார் பார்த்தார்கள், கை மாறி எப்படி இங்கே வந்தது என்பவைதான் அந்தக் கேள்விகள்.

வரலாற்று மாணவர் பெரும்பாலும் எழுத்தை வாசிப்பார். கலை வரலாற்று மாணவர் பொருளையும் எழுத்தையும் சேர்த்து வாசிப்பார். எழுத்து இல்லாத இடத்தில், எழுத்து எரிந்துபோன இடத்தில், பொருள்தான் பேசும். 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. அதைப் பார்த்த தலைமுறைக்கு இந்த வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை.

வகுப்பறையில் நடப்பது

இளமாணியில் பொதுவாகக் காலவரிசைப்படி பரந்த அறிமுகம் தருவார்கள். முதுமாணி அப்படி இல்லை. விரிவுரை குறைவு; பத்துப் பதினைந்து பேர் மேசையைச் சுற்றி இருந்து பேசும் கருத்தரங்கு வகுப்பே அதிகம். ஒவ்வொரு கிழமையும் வாசிக்க நிறையக் கொடுப்பார்கள். வாசித்ததை வைத்து வாதாட வேண்டும். கடைசியில் ஓர் ஆய்வேடு. பிரித்தானியாவில் அது பெரும்பாலும் 10,000 முதல் 15,000 சொற்கள் வரை இருக்கும்.

படிப்பின் அத்திவாரம் பார்க்கப் பழகுவதுதான். அருங்காட்சியகத்தில் ஒரே பொருளின் முன்னால் நீண்ட நேரம் நின்று, கண்டதை மட்டும் எழுது என்பார்கள். சோழர் காலத்து நடராசர் வெண்கலம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பாரிஸின் கிமே அருங்காட்சியகத்திலும் சூரிச்சின் றீட்பேர்க் அருங்காட்சியகத்திலும் அத்தகைய சிலைகள் உண்டு. பீடத்தில் துளைகள் அல்லது வளையங்கள் இருக்கின்றனவா? இருந்தால், அது தண்டு செருகித் தோளில் சுமந்து வீதியுலா வந்த உற்சவ மூர்த்தி. முகத்தின் கூர்மை மழுங்கியிருக்கிறதா? தலைமுறை தலைமுறையாக அபிடேகம் செய்து துடைத்த கைகளின் தடயமாக அது இருக்கலாம். அருங்காட்சியகத்தில் அது வெறும் மேனியோடு, விளக்கு வெளிச்சத்தில் நிற்கிறது. கோயிலில் இருந்தபோது பட்டும் மாலையும் நகையும் மூடியிருக்க, பக்தர் கண்டது முகத்தையும் கையையும் மட்டுமாகவே இருந்திருக்கும். சிற்பி செய்த முழு உருவமும் அன்றைய பக்தர் கண்ட உருவமும் ஒன்றல்ல. இந்த இடைவெளியைப் பற்றியே ஓர் ஆய்வேடு எழுதலாம்.

இங்கேதான் எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு பலம். சாத்துப்படி என்றால் என்ன, உள்வீதி வெளிவீதி என்றால் என்ன, எந்த நேரத்தில் திரை விலகும் என்பதெல்லாம் அவளுக்குப் பாடப்புத்தகத்தில் வந்தவை அல்ல. திருவிழாவில் அம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோதே கிடைத்தவை.

இரண்டாவது, பொருள்கோள். எர்வின் பனொஃப்ஸ்கி என்ற அறிஞர் 1939இல் வெளியிட்ட நூலில் மூன்று படிகளைச் சொன்னார். அவர் எடுத்த உதாரணம், தெருவில் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லும் ஒரு மனிதர். நாங்கள் எங்கள் வாசலில் வைக்கும் நிறைகுடத்தை எடுத்துப் பார்ப்போம். முதல் படியில் கண்ணுக்குத் தெரிவது நீர் நிறைந்த குடம், மாவிலை, தேங்காய். இரண்டாம் படியில் மரபு சொல்லும் பொருள்: மங்கலம், வரவேற்பு. மூன்றாம் படியில்தான் கடினமான கேள்வி வருகிறது. நான்கு மணித்தியாலத்துக்கு வாடகைக்கு எடுத்த மண்டபத்தின் கண்ணாடிக் கதவுக்கு முன்னால், குளிரில், ஒரு குடும்பம் ஏன் இன்னமும் நிறைகுடம் வைக்கிறது? அது அந்தக் குடும்பத்தைப் பற்றியும் அது வாழும் காலத்தைப் பற்றியும் என்ன சொல்கிறது? இப்படிக் கேட்கத் தெரிவதுதான் இந்தப் படிப்பு தரும் பயிற்சி.

மூன்றாவது, ஆவணம். ஏலப் பட்டியல், அருங்காட்சியகப் பதிவேடு, பழைய புகைப்படம், கடிதம், கல்வெட்டு என்பவற்றைத் தேடி ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் வேலை. அது என்ன செய்யக்கூடியது என்பதற்கு இரண்டு வழக்குகள் போதும்.

ஒரு புகைப்படம், ஒரு சிலை

ஒக்ஸ்போர்டின் அஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் திருமங்கையாழ்வாரின் வெண்கலச் சிலை ஒன்று இருந்தது. 16ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. 1967இல் லண்டன் ஏலத்தில் முறைப்படி வாங்கியதாகவே பதிவு. 2019இல் ஓர் ஆய்வாளர் ஒரு புகைப்படத்தைக் கவனித்தார். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு நிறுவனம் 1950களிலிருந்து தமிழ்நாட்டுக் கோயில்களைச் சுற்றிப் படம் எடுத்துச் சேர்த்து வைத்திருக்கிறது. அந்தச் சேகரிப்பில் 1957இல் எடுத்த ஒரு படத்தில், தஞ்சாவூர் மாவட்டத்துச் சௌந்தரராஜப் பெருமாள் கோயிலில் அதே ஆழ்வார் நிற்கிறார். 1957இல் கோயிலில், 1967இல் லண்டனில். இடையில் நடந்தது என்ன? அருங்காட்சியகமே இந்தியத் தூதரகத்துக்கு அறிவித்தது. 2024 மார்ச்சில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகப் பேரவை சிலையைத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டது.

சண்டை இல்லை, ஊர்வலம் இல்லை. அறுபது வருடங்களுக்கு முன் ஒருவர் பொறுமையாகப் படம் எடுத்து, இடமும் ஆண்டும் எழுதி வைத்தார். இன்னொருவர் பொறுமையாக அதைப் பார்த்தார். அவ்வளவுதான்.

இரண்டாவது வழக்கு இன்னும் பழையது. 1976இல் தஞ்சாவூர்ப் பகுதியில் பத்தூர் என்ற ஊரில் நிலத்திலிருந்து வெளிப்பட்ட நடராசர் சிலை, கை மாறி லண்டனுக்கு வந்தது. 1982இல் கனடிய நிறுவனம் ஒன்று அதை வாங்கியது. சிலையைப் பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் லண்டன் பொலிஸார் கைப்பற்ற, வழக்கு உயர் நீதிமன்றம் போனது. பத்தூரில் கிடைத்த மற்றச் சிலைகளோடு இதுவும் ஒரே தொகுதிதானா என்பதே நீதிபதியின் முன்னால் இருந்த கேள்வி. சிலையின் பாணி, வார்ப்பு, அதில் ஒட்டியிருந்த மண், கறையான் புற்றின் தடயம் எல்லாம் ஆராயப்பட்டன. தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையின் இயக்குநராக இருந்த இரா. நாகசாமி நிபுணர் சாட்சியாக வந்து சாட்சியம் அளித்தார். கோயில் வென்றது. 1991இல் மேன்முறையீட்டிலும் வென்றது. நடராசர் ஊர் திரும்பினார். இடிந்து கிடந்த ஒரு கோயில் தனக்காக லண்டன் நீதிமன்றத்தில் வழக்காட முடியும் என்பதும் அந்தத் தீர்ப்பில் ஏற்கப்பட்டது.

நாடு இழந்தவர்கள் கட்டிய துறை

இந்தத் துறை வெள்ளைக்கார மேட்டுக்குடியின் பொழுதுபோக்கு என்று எங்களில் பலர் நினைக்கிறோம். அந்த நினைப்பில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் ஆங்கிலம் பேசும் உலகில் இதை ஒரு கறாரான ஆய்வுத்துறையாக மாற்றியதில் பெரும் பங்கு அகதிகளுடையது.

ஏபி வார்பேர்க் யேர்மனியின் ஹம்பேர்க் நகரத்தில் ஒரு யூத வங்கிக் குடும்பத்தின் மூத்த மகன். அவர் பதின்மூன்று வயதில் தன் தலைமகன் உரிமையைத் தம்பிக்கு விட்டுக்கொடுத்து, பதிலாக "எனக்கு வேண்டிய புத்தகம் எல்லாம் நீ வாங்கித் தரவேண்டும்" என்று கேட்டதாக அந்தக் குடும்பத்தில் ஒரு கதை உண்டு. தம்பி ஒப்புக்கொண்டார். எவ்வளவு செலவாகும் என்று அப்போது அவருக்குத் தெரியவில்லை. வார்பேர்க் 1929இல் இறந்தார். நாசிகள் ஆட்சிக்கு வந்ததும், 1933 டிசம்பரில், அந்த நூலகத்தின் ஏறத்தாழ 60,000 நூல்கள் இரண்டு கப்பல்களில் லண்டனுக்கு வந்து சேர்ந்தன. அது இன்று லண்டன் பல்கலைக்கழகத்தின் வார்பேர்க் நிறுவனமாக இருக்கிறது. அங்கே இப்போதும் முதுமாணி படிக்கலாம். எங்கள் நூலகம் எரிந்தது. அவர்களின் நூலகம் கப்பலேறியது. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை நாங்கள் யோசிக்க வேண்டும்.

நிறைகுடத்துக்கு நாங்கள் கடன் வாங்கிய பனொஃப்ஸ்கியும் அதே 1933இல் ஹம்பேர்க்கில் பதவி இழந்து அமெரிக்கா போனவர். வியன்னாவிலிருந்து 1936இல் லண்டன் வந்த ஏர்ன்ஸ்ட் கொம்ப்ரிச் 1950இல் எழுதிய பொதுமக்களுக்கான கலை வரலாற்று நூல், உலகில் மிக அதிகம் வாசிக்கப்பட்ட கலை நூல்களில் ஒன்று. யேர்மனியில் வேலை பறிபோய் வந்த நிக்கொலஸ் பெவ்ஸ்னர், இங்கிலாந்தின் ஒவ்வொரு மாவட்டமாகப் போய் அங்குள்ள கட்டடங்களைப் பதிவு செய்து 46 தொகுதிகள் வெளியிட்டார். தன் நாட்டைப் பார்க்க ஆங்கிலேயருக்குக் கற்றுக்கொடுத்தவர் ஓர் அகதி.

எங்கள் பக்கத்திலும் ஒருவர் உண்டு. ஆனந்த குமாரசுவாமி 1877இல் கொழும்பில் பிறந்தார். தந்தை தமிழர், சேர் முத்து குமாரசுவாமி. தாய் ஆங்கிலேயப் பெண். இரண்டு வயதாகும் முன்னரே தந்தையை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்தார். படித்தது நிலவியலும் தாவரவியலும். இலங்கையின் கனிமவள ஆய்வுக்குப் பொறுப்பாக வந்து, கல்லையும் மண்ணையும் தேடி ஊர் ஊராகப் போனபோதுதான் அழிந்துகொண்டிருந்த கைவினைகளைக் கண்டார். 1908இல் சிங்களக் கலை பற்றியும், 1914இல் கொழும்பு அருங்காட்சியகத்து வெண்கலங்கள் பற்றியும் எழுதினார். 1917இல் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைக்குப் பொறுப்பேற்று, 1947இல் இறக்கும்வரை அங்கேயே பணியாற்றினார். விஞ்ஞானம் படித்த பிள்ளை கலை வரலாற்றுக்குப் போனால் குடும்பம் கலங்கத்தான் செய்யும். அந்தப் பாதையில் ஒருவர் ஏற்கெனவே போயிருக்கிறார் என்பதையும் நினைத்துக்கொள்ளலாம்.

எங்கே, எவ்வளவு காலம், எவ்வளவு காசு

பிரித்தானியாவில் முதுமாணி முழுநேரமாக ஒரு வருடம், பகுதிநேரமாக இரண்டு வருடம். லண்டனில் 1932இல் தொடங்கிய கோர்ட்டோல்ட் நிறுவனம் கலை வரலாற்றுக்கென்றே பெயர்பெற்றது. ஆசியக் கலைக்கு சோவாஸ் கல்லூரி. இளமாணியில் வேறு பாடம் படித்தவர்களும் விண்ணப்பிக்கலாம்; வரலாறு, இலக்கியம், மொழி, சமயம், கட்டடக்கலை படித்தவர்களைப் பல துறைகள் ஏற்கின்றன. இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். இங்கிலாந்தில் உயர்தரத்தில் கலை வரலாறு கற்பிக்கும் அரச பாடசாலைகள் மிகக் குறைவு. 2016இல் அந்தப் பாடமே நிறுத்தப்படும் நிலைக்கு வந்து, எதிர்ப்புக்குப் பின் வேறொரு தேர்வு வாரியம் அதைப் பொறுப்பெடுத்தது. ஆகவே எங்கள் பிள்ளைகள் இப்படி ஒரு துறை இருப்பதையே பல்கலைக்கழகம் போன பிறகுதான் அறிகிறார்கள். முதுமாணியில் திடீரென்று இந்தப் பக்கம் திரும்பினால், அது மனம் அலைபாய்வதால் என்று நாங்கள் முடிவு கட்டத் தேவையில்லை.

காசு விடயம். இங்கிலாந்தில் முதுமாணிக்கு அரச கடன் உண்டு. அண்மைய ஆண்டுகளில் அது 12,000 பவுணுக்குச் சற்று மேல். கட்டணம் இடத்துக்கு இடம் வேறுபடும். பெயர்பெற்ற லண்டன் நிறுவனங்களில் கட்டணத்துக்கே அந்தத் தொகை போதாமல் போகலாம். வாடகையும் சாப்பாடும் தனி. ஆண்டு வருமானம் 21,000 பவுணைத் தாண்டினால், தாண்டிய பகுதியில் 6 வீதம் கழிப்பார்கள். இளமாணிக் கடனுக்குக் கழிப்பதற்கு மேலதிகமாக இது. பிள்ளை வீட்டிலிருந்து போய்வரக்கூடிய தூரமா, பகுதிநேரமாகப் படித்து வேலையும் செய்யலாமா என்று முதலிலேயே கணக்குப் பார்க்க வேண்டும். வதிவிட அந்தஸ்து இன்னும் முடிவாகாத குடும்பங்களுக்குக் கடன் கிடைப்பது கடினம். ஆனால் அகதிகளுக்கும் தஞ்சம் கோரியவர்களுக்கும் என்றே புலமைப்பரிசில் வைத்திருக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு. விண்ணப்பிக்கும் முன்பே கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை.

யேர்மனியில் முதுமாணி பொதுவாக இரண்டு வருடம். அரச பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. அரையாண்டுக்கு ஒரு சிறு தொகைதான். ஆனால் மொழித் தேவை கூடுதல். சில இடங்களில் இலத்தீன் கூடக் கேட்பார்கள். பிரான்சிலும் இரண்டு வருடம். பாரிஸில் லூவ்ர் அருங்காட்சியகத்தோடு இணைந்த கல்லூரி அருங்காட்சியக வேலைக்கென்றே பழக்குகிறது. கனடாவில் ஒன்று முதல் இரண்டு வருடம். அமெரிக்காவில் முதுமாணிக்குச் செலவு அதிகம். மாறாக நல்ல பல்கலைக்கழகங்களில் கலாநிதிப் படிப்புக்குக் கட்டணத்தையும் வாழ்க்கைச் செலவுப் படியையும் அவர்களே தருவார்கள். ஐந்து வருடத்துக்கு மேல் எடுக்கும்.

கலாநிதிப் படிப்பைப் பற்றி ஒரு சொல். எந்த நாட்டிலும் நிதி உதவி இல்லாமல் அதில் இறங்குவதற்கு முன் பலமுறை யோசிக்க வேண்டும். வீட்டை ஈடு வைத்துச் செய்கிற படிப்பு அல்ல அது.

தமிழைப் பற்றியும் சொல்ல வேண்டும். வட அமெரிக்காவில் கலாநிதிக்கு, ஆய்வுக்குத் தேவையான வேற்று மொழிகளை வாசிக்கும் திறனைச் சோதிப்பார்கள். தென்னாசியக் கலையை ஆராயப் போகிறவருக்குத் தமிழ் அப்படி ஒரு ஆய்வு மொழி. சனிக்கிழமை காலையில் நித்திரை கலைத்து, அழ அழ அனுப்பிய தமிழ்ப் பாடசாலை, இருபது வருடம் கழித்து ஒரு விண்ணப்பத்தில் தகைமையாக வந்து நிற்கும்.

வேலை

மழுப்பாமல் சொன்னால், அருங்காட்சியகத்தில் காப்பாட்சியர் பதவிகள் மிகக் குறைவு, போட்டி மிக அதிகம். தொடக்கச் சம்பளம் கணக்காளர் வேலையோடு ஒப்பிட முடியாது. பல இடங்களில் சம்பளமில்லாப் பயிற்சி கேட்பார்கள். கையில் காசு உள்ள குடும்பத்துப் பிள்ளைகளுக்குத்தான் அது சாத்தியம்; இது இந்தத் துறையின் பழைய குறை.

மறுபக்கமும் உண்டு. ஆவணக்காப்பகம், ஏல நிறுவனம், கலைப்பொருள் காப்புறுதி, மரபுரிமைப் பாதுகாப்பு, பதிப்பகம், பாடசாலை ஆசிரியப்பணி என்று இடங்கள் இருக்கின்றன. புதிதாக வளர்ந்திருப்பது உடைமை வரலாற்று ஆய்வு: ஒரு பொருள் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று துப்பறியும் வேலை. நாசிகள் பறித்த கலைப்பொருட்கள் பற்றி 1998இல் 44 நாடுகள் வாஷிங்டனில் உடன்பாடு கண்ட பின் இது பெருகியது. 2018இல் பெர்லின் கலை வரலாற்றுப் பேராசிரியர் பெனெடிக்ட் சவோயும் செனகல் அறிஞர் ஃபெல்வின் சாரும் பிரெஞ்சு ஜனாதிபதிக்குக் கொடுத்த அறிக்கையின் பின், காலனித்துவக் காலப் பொருட்களுக்கும் விரிந்தது. 2023இல் நெதர்லாந்து ஆறு பொருட்களை இலங்கைக்குத் திருப்பிக் கொடுத்ததன் பின்னாலும் இத்தகைய ஆய்வே இருந்தது.

எங்களுக்கு இதில் என்ன

லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தின் 33ஆம் அறையில், பொன் பூசிய தாரா தேவி வெண்கலம் நிற்கிறது. ஏறத்தாழ 8ஆம் நூற்றாண்டு. உயரம் 143 சென்ரிமீற்றர். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் எங்கோ கிடைத்தது. ஆளுநராக இருந்த பிரவுன்றிக் 1830இல் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். எங்கள் கிழக்குக் கரையிலிருந்து வந்தவள் அவள். எங்களில் எத்தனை பேர் அந்த அறைக்குள் போய்ப் பார்த்திருக்கிறோம்?

தாரா மகாயான பௌத்தத்தின் தெய்வம். "கிழக்கில் கிடைத்தது, ஆகவே எங்களுடையது" என்று ஒருவரும், "பௌத்தம், ஆகவே எங்களுடையது" என்று இன்னொருவரும் சொல்லலாம். நல்ல ஆய்வாளர் இரண்டையும் நிறுத்திவிட்டு, பாணி என்ன சொல்கிறது, கடல் வணிகம் என்ன சொல்கிறது, அன்று யார் எந்தத் தெய்வத்தை வணங்கினார்கள் என்று கேட்பார். நாகபட்டினத்தில் 1856 முதல் முந்நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட பௌத்த வெண்கலங்கள் கிடைத்தன. தமிழர் நிலத்தில் பௌத்தம் தழைத்த காலம் இருந்தது. மறுபுறம், பொலன்னறுவையில் சோழர் காலத்துச் சிவன் கோயில் இன்றும் நிற்கிறது. 1950இல் திருகோணமலையில் கிணறு தோண்டியபோது கோணேசர் கோயிலுக்குரியவை எனக் கருதப்படும் வெண்கல மூர்த்திகள் வெளிவந்தன. உண்மையான வரலாறு எவருடைய கோசத்துக்கும் முழுதாக அடங்காது. நாங்கள் கேட்க விரும்புவதை மட்டும் சொல்கிற ஆய்வாளரை உலகம் நம்பாது. எங்களுக்கு வேண்டியவர் உலகம் நம்புகிற ஆய்வாளர்.

இன்னொரு சிக்கல். பொருட்கள் திரும்பும்போது அரசிடமிருந்து அரசுக்குத்தான் திரும்புகின்றன. தனக்கென அரசு இல்லாத மக்களின் பொருளுக்கு யார் குரல் கொடுப்பது? அந்த மேசையில் இருக்க வேண்டுமானால் முறையாகப் படித்தவர்கள் வேண்டும். கோபம் எங்களிடம் நிறையவே இருக்கிறது, ஆவணம்தான் குறைவு.

கலை என்றால் கோயில் சிலை மட்டும் என்றும் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை வரலாறு கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன், இடம்பெயர்ந்தவர்கள் தாங்கள் இழந்த வீட்டை நினைவிலிருந்து கீறிய வரைபடங்களைத் தொகுத்து 2011இல் ஒரு நூலாக்கினார். தோம்பு என்ற ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேட்டின் பெயரை அதற்கு வைத்தார். கிணறு எங்கே, மாமரம் எங்கே, சாமியறை எங்கே என்று கை நினைவிலிருந்து கீறிய கோடுகள், அரசாங்கப் பதிவேடு சொல்லாததைச் சொல்கின்றன. அப்படி ஆராய எங்கள் வீடுகளில் எவ்வளவு இருக்கிறது! ஸ்ரூடியோவில் திரைச்சீலைக்கு முன் நின்று எடுத்த கலியாணப் படம், அந்தியேட்டிக்கு அச்சடித்த கல்வெட்டு, கும்பாபிடேக மலர், நாடக நோட்டீஸ், இயக்கங்களின் சுவரொட்டி. இவற்றை ஆய்வுக்கு எடுக்க இன்று எந்தப் பல்கலைக்கழகமும் தயங்காது. எடுத்துக் கொடுக்கத்தான் ஆள் வேண்டும்.

பிள்ளை கேட்டால்

பிள்ளை இந்தப் படிப்பைக் கேட்டால், உடனே "ஓம்" என்றும் சொல்ல வேண்டாம், "வேண்டாம்" என்றும் சொல்ல வேண்டாம். நாலு கேள்வி கேளுங்கள். யாரிடம் படிக்கப் போகிறாய், அவர் எழுதியதை வாசித்திருக்கிறாயா? என்ன மொழிகள் தேவை? காசு எங்கிருந்து வரும், கடன் போக மிச்சம் எவ்வளவு? படிக்கும்போதே அருங்காட்சியகத்திலோ ஆவணக்காப்பகத்திலோ வேலை பழக இடம் உண்டா? இந்த நாலுக்கும் பதில் வைத்திருக்கிற பிள்ளை தெரிந்துதான் கேட்கிறது. பதில் இல்லாவிட்டால் ஒரு வருடம் பொறுத்து, வேலை செய்து, தேடிவிட்டு வரலாம். விண்ணப்பத்துக்குத் தன்னைப் பற்றிய கூற்று, இரண்டு ஆசிரியர்களின் பரிந்துரை, பல இடங்களில் எழுத்து மாதிரி ஒன்றும் கேட்பார்கள். அந்த ஒரு வருடம் வீணாகாது.

பிள்ளைகள் எதைப் படித்தாலும், நாங்கள் இந்த வார இறுதியிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. பெட்டிக்குள் கிடக்கும் பழைய படங்களை எடுத்து, ஒவ்வொன்றின் பின்னாலும் மெல்லிய பென்சிலால் எழுதுவோம்: யார், எந்த ஊர், எந்த ஆண்டு, யார் எடுத்தது, எப்படி இந்த நாட்டுக்கு வந்து சேர்ந்தது. பெயர் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுவோம். 1957இல் ஒருவர் எழுதி வைத்த இடமும் ஆண்டும்தான் ஓர் ஆழ்வாருக்கு ஊர் திரும்ப வழி திறந்தன. எங்கள் பெட்டிக்குள் இருக்கும் படத்துக்கும் அப்படி ஒரு நாள் வரலாம். அப்போது அதை வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையும் எங்களிடம் இருக்க வேண்டும்.